திஞ்சானும் சித்திரை ஒண்ணும் ஒண்ணா வருது: அஞ்சு நாளும் பதறாம இருக்க என்ன பண்ணலாம்?

கமாயுட் மருமகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன்ல இருந்து எழுதுறேன். ஏப்ரல் 13இல் திஞ்சான் (பர்மாவோட தண்ணித் திருவிழா) தொடக்கம், 14 நமக்கு வருஷப் பிறப்பு, 17 பர்மாக்காரங்களுக்குப் புத்தாண்டு. இந்த அஞ்சு நாளையும் தாண்டுறதுக்குள்ள வீட்ல எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுற நிலைமைக்கு வந்துடுறோம்.

நிலவரம் இதுதான். வீட்ல 9 பேர். 14ஆம் தேதி மட்டும் 20 பேருக்குச் சாப்பாடு. பெரியவங்க ரெண்டு பேர் திஞ்சான் நாள் முழுக்க எட்டுச் சீலம் (புத்த விரதம்) எடுக்குறாங்க, அவங்க பகல் 12 மணிக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும். பசங்க தண்ணி விளையாடிட்டு ரெண்டு மணிக்கு மேலதான் வருவாங்க. தெரு முனையில தண்ணி ஊத்துற மண்டபம், காலையிலிருந்து ஸ்பீக்கர். கரண்டு எப்ப போகும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.

யெய்த்தாவுக்கு (தியான மடம்) போய்த் தங்கி உக்கார வழியே இல்லை. கேள்வி மூணு:

1. காலையில 10, 15 நிமிஷம்தான் கிடைக்கும். எந்த முறை, எப்படி உக்காரணும்?
2. வேலை நடுவுல எப்படி?
3. கோபம் வந்துகிட்டு இருக்கும்போதே என்ன செய்யணும்?

"தியானம் பண்ணுங்கம்மா, எல்லாம் சரியாகும்"னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. படிப்படியா சொல்றவங்க சொல்லுங்க.

---

பஹான் யோகி

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். 13ஆம் தேதி காலையில புதுசா ஆரம்பிக்காதீங்க. குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடி, 5, 6 தேதி வாக்கில் தொடங்குங்க. பழகாத ஒரு காரியத்தை நெருக்கடி நாள்ல மனசு தேடிப் போகாது. பழகினதைத்தான் தேடும்.

15 நிமிஷத்துக்குத் தோதானது பர்மாவோட புத்த பிக்கு மகாசி சயாடோ முறை. 1949இல் அவர் ரங்கூன் வந்து கற்பிக்கத் தொடங்கினதிலிருந்து பஹான் யெய்த்தாவில் வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக்கொடுக்குற அதே அடிப்படைதான். உக்காரும்போது வயிறு, நடக்கும்போது பாதம், மத்த நேரம் கையில் இருக்குற வேலை. அவ்வளவுதான்.

உக்காருற முறை: சம்மணம் போட்டு, பிட்டத்துக்கு அடியில் மட்டும் மடிச்ச துண்டு. முட்டி இடுப்பை விட மேல நின்னா முதுகு கூன் விழும், பத்தாவது நிமிஷம் இடுப்பு வலி பிடிக்கும். முடியாதவங்க நாற்காலியில் உக்காரலாம், ஆனா முதுகைச் சாய்க்காம. கண்ணை மூடி, தொப்புள்கிட்ட வயிறு எழும்புறதையும் தணியுறதையும் கவனிங்க. எழும்பும்போது மனசுக்குள்ள "எழும்புது", தணியும்போது "தணியுது". வாயால் சொல்ல வேண்டாம். மூச்சை இழுக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம்.

மனசு சந்தைக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே "நினைப்பு, நினைப்பு", திரும்ப வயிறு. ஸ்பீக்கர் சத்தம் இழுத்தா "கேக்குது, கேக்குது". என்ன பாட்டு, யார் பாடினதுன்னு உள்ள போகாதீங்க. காதுல விழுறது மட்டும் போதும். அரிச்சா "அரிப்பு". சொறியத்தான் வேணும்னா "சொறியணும்"னு அந்த எண்ணத்தைக் குறிச்சு, கை நகர்றதைக் குறிச்சு, அப்புறம் சொறிங்க.

எங்க தப்பு நடக்குதுன்னா:

பேரு முன்னாடி ஓடும், அறியுறது பின்னாடி வரும். "எழும்புது தணியுது எழும்புது தணியுது"ன்னு ஜபம் மாதிரி ஓட்டிட்டு, மனசு வேற எங்கேயோ இருக்கும். வயிறு முதல்ல, பேரு அப்புறம். தலை கனத்தாலோ நெத்தி இறுகினாலோ இந்தத் தப்புதான்னு வெச்சுக்குங்க. பேரை விட்டுட்டு சும்மா நாலு மூச்சு கவனிச்சா இறங்கிடும்.

சிலருக்கு வயிறு அசையுறதே தெரியாது, மூச்சு நெஞ்சோட நின்னுடும். பதட்டமான ஆளுங்களுக்கு இது சகஜம். உள்ளங்கையை வயித்து மேல வெச்சுக்குங்க. அப்பவும் தெரியலைன்னா ரெண்டு நாள் படுத்துக்கிட்டுப் பழகுங்க, மல்லாக்கப் படுத்தா வயிறு தானா அசையும்.

மூணாவது, அமைதி வரணும்னு காத்துக்கிட்டு இருக்குறது. காத்திருக்குறதும் ஒரு நினைப்புதான். அதையும் "எதிர்பார்ப்பு"ன்னு குறிச்சுட்டுப் போயிடணும். இதுல தடுக்கி விழாதவங்க கிடையாது.

வேலை நடுவுல: நடைதான் பெரிய வாய்ப்பு. நம்ம வீடுங்க அகலம் கம்மி, நீளம் அதிகம். முன் வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் பதினஞ்சு இருபது அடி எடுத்து வெப்பீங்க. அதுல "வலது, இடது" போதும். மாடிப்படி ஏறும்போதும் அதேதான். யெய்த்தாவில் "தூக்குறேன், நகர்த்துறேன், வைக்கிறேன்"னு மூணா பிரிச்சு மெதுவா நடப்பாங்க. அதை வீட்ல செய்யப் போனா "இவளுக்கு என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க, ரசமும் பொங்கி வழியும். சாதாரண வேகத்துல நடங்க. கத்தி, கொதி எண்ணெய், குழந்தை, இந்த மூணும் கையில் இருக்கும்போது பேரு வைக்கிறதை விட்டுட்டு முழுக் கவனமும் அந்த வேலையில்தான் இருக்கணும்.

கரண்டு போறதை மணி அடிச்ச மாதிரி எடுத்துக்குங்க. போன உடனே மூணு எழும்பல், மூணு தணியல். அதுக்கப்புறம் மெழுகுவத்தி தேடலாம். திரும்ப வந்து தெருவே "மீலாப்யி" (கரண்டு வந்துடுச்சு)ன்னு கத்தும்போது இன்னொரு மூணு. ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு உங்களுக்கே தெரியும், நான் எண்ண மாட்டேன்.

கோபம் பத்தி அடுத்து எழுதுறேன், அது தனியா வேணும்.

---

கணக்கர் வழி

பஹான் யோகி சொன்னதில் குறை இல்லை. ஆனால் வேறொரு வழியும் இதே ஊரில் இருக்கிறது. வேலைச் சுமை உள்ளவர்களுக்கென்றே உருவானது போல இருக்கும். சயாஜி ஊ பா கின் 1948இல் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்கர். பதவியில் இருந்துகொண்டே அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் தியான மையம் தொடங்கினார். மாந்தளையில் பிறந்த வியாபாரி கோயங்கா அவரிடம் 1955இல் பயின்று, 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுபோனது இந்த முறைதான்.

இதில் முதற்படி ஆனாபானா, அதாவது மூச்சைக் கவனிப்பது. கவனம் வைக்கும் இடம் வயிறு அல்ல. மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே இருக்கும் சிறிய பகுதி. மூச்சு உள்ளே போகும்போது அங்கே லேசான குளிர்ச்சி, வெளியே வரும்போது வெதுவெதுப்பு. பேர் வைப்பதும் இல்லை, எண்ணுவதும் இல்லை, மந்திரமும் இல்லை. தொடு உணர்வு தெரியவில்லை என்றால் நாலைந்து மூச்சை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விட்டுவிட்டு இயல்பு மூச்சுக்குத் திரும்புங்கள்.

முறையாகக் கற்றவர்கள் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். உங்களுக்கு அது இப்போது ஆகாது. 15 நிமிடம் ஆனாபானா போதும். உடம்பு முழுக்கக் கவனத்தை நகர்த்தும் விபாசனாப் பகுதியை ஒலிநாடா கேட்டு வீட்டில் ஆரம்பிக்க வேண்டாம். பத்து நாள் முகாமில் முதல் மூன்று நாள் மூச்சு மட்டும்தான், நான்காம் நாளில்தான் அது கற்பிக்கப்படும். அந்த வரிசைக்குக் காரணம் உண்டு: கவனம் கூர்மையாகாமல் உடம்பைத் துழாவினால் வலியும் கற்பனையும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும்.

இரண்டு முறையையும் கலக்காதீர்கள். காலையில் வயிறு, மாலையில் மூக்கு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றும் படியாது. இரண்டு நாள் இரண்டையும் பார்த்துவிட்டு, எது தெளிவாகத் தெரிகிறதோ அதை 17ஆம் தேதி வரை பிடித்துக்கொள்ளுங்கள். திஞ்சானில் தண்ணீர் விளையாடி மூக்கு அடைத்துக்கொள்பவர்களுக்கு வயிறுதான் நல்லது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் யாராவது இந்த நாட்களில் முகாமுக்கே போக விரும்பினால் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊரே ஆட்டம் போடும் அதே வாரத்தில்தான் ஊரில் பாதிப் பேர் யெய்த்தாவுக்கும் போகிறார்கள், பையன்களுக்குத் துறவாடை போடுகிறார்கள்.

ஒரு இடைச்செருகல். பாலியில் இதற்கு 'ஸதி' என்று பேர். அதைத் தமிழில் 'சதி' என்று எழுதிவிட்டு "சதியை வளர்க்க வேண்டும்" என்று நோட்டீஸ் அடித்தால் போலீஸ்தான் வரும். வடமொழியில் ஸ்மிருதி, அதாவது நினைவு. நம் பேச்சில் "நெனவோட செய்" என்கிறோமே, அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

---

சமையக்கட்டு

ரெண்டு பேரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் கேக்குறேன், 20 பேர் சமையலை ஒரே ஆள் தலையில் கட்டிட்டு மூச்சைப் பாருன்னா எந்த மூச்சைப் பாக்குறது? முதல்ல சுமையைக் குறைங்க. பதட்டத்துல பாதி மனசுல கிடையாது, வேலை வரிசையில இருக்கு.

தங்கச்சி, உங்க பிரச்சினை பகல் 12 மணி. சீலக்காரங்களுக்கு ஒரு பந்தி, பசங்களுக்கு ஒரு பந்தின்னு ரெண்டு தடவை சமைக்கிறீங்கன்னு நினைக்கிறேன். வேண்டாம். எல்லாமே 11 மணிக்கு இறக்கிடணும். 11.15க்குப் பெரியவங்களுக்குப் பரிமாறினா அவங்க நிதானமா 12க்குள்ள முடிப்பாங்க. வந்திருக்குற விருந்தாளிங்களுக்கு 12.30. பசங்களுக்குக் குழம்பு, பொரியலை மட்டும் சூடு பண்ணி வெச்சா போதும்.

20 பேருக்கு அளவு: அரிசி 2 கிலோ 250 கிராம் (பெரியவங்க சின்னவங்க கலந்து). சாம்பாருக்குத் துவரம்பருப்பு 600 கிராம், காய் ஒன்றரை கிலோ. வடைக்கு உளுந்து முக்கால் கிலோ, நாப்பத்தஞ்சு வடை வரும். உளுந்துக்குப் பஞ்சமில்லாத நாடு இது, இந்தியாவுக்கே இங்கேருந்துதான் போகுது, அதனால நல்லதா பாத்து வாங்குங்க. பாயசத்துக்குச் சேமியா 300 கிராம், பால் 2 லிட்டர். மாங்காய்ப் பச்சடிக்கு நடுத்தர மாங்காய் 3, வெல்லம் கால் கிலோ, நெய்யில் வறுத்த வேப்பம்பூ ஒரு மேசைக்கரண்டி. வேப்பம்பூவைப் பச்சடியில் போட்டுக் கொதிக்க விடாதீங்க, கசப்பு முழுக்க இறங்கிடும். இறக்கின அப்புறம் மேல தூவுங்க.

13ஆம் தேதி சாயங்காலம்: காய் நறுக்கி, ஈரத்துணி போட்டு மூடணும். புளி ஊறவெக்கணும். வெல்லம் பாகு காச்சி வடிகட்டணும். பாத்திரம் எண்ணி எடுத்து வெக்கணும். தேங்காய் மட்டும் முந்தின நாள் தொடாதீங்க. இந்த வெயில்ல துருவின தேங்காய் ரெண்டு மூணு மணி நேரத்துல வாடை மாறிடும், கரண்டு இல்லாத ஃபிரிஜ்ஜை நம்ப முடியாது.

14 காலை 5 மணி: உளுந்து ஊறப்போடணும். 5.30க்குப் பருப்பு அடுப்புல. 7 மணி வரைக்கும் தலையில வெயில் இல்லை, அதுக்குள்ள கனமான வேலை முடியணும். 8.30க்கு உளுந்து அரைக்கலாம். கரண்டு அட்டவணை உங்க பகுதியில் காலையில் இல்லைன்னா முந்தின ராத்திரியே அரைச்சு, உப்பு போடாம, ஐஸ் தண்ணிப் பாத்திரத்துக்குள்ள மாவுப் பாத்திரத்தை இறக்கி வைங்க. உப்பு முன்னாடியே போட்டா மாவு நீர்த்துப்போயி வடை எண்ணெய் குடிக்கும். 10 மணிக்குப் பொரிக்கத் தொடங்கினா 10.50க்கு அடுப்பை அணைச்சிடலாம்.

எதை விடணும்: அதிரசம், போளி, ரெண்டாவது பொரியல். யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா, கேட்டவங்களே அடுத்த வருஷம் சுட்டுக் கொண்டு வரட்டும்.

15, 16 தேதிகள்ல பெருசா சமைக்காதீங்க. தெருவுல சத்துதிதா (இலவச அன்னதானம்) போடுவாங்க, பசங்களை அங்க பரிமாற அனுப்புங்க, சாப்பாடும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு. வீட்ல பெரியவங்களுக்கு மட்டும் ஒரு குழம்பு.

---

வார்டு டியூட்டி

இங்க யாரும் வெயிலைச் சொல்லலை. பர்மாவுல வருஷத்துலயே கொடுமையான சூடு ஏப்ரல்தான். 2024 ஏப்ரல் 28இல் மக்வேப் பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி பதிவாச்சு. ரங்கூன் அவ்வளவு போகாது, ஆனா இங்க புழுக்கம் சேரும். தண்ணி வத்தின உடம்பு எரிச்சல் படும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். அதை "எனக்குக் கோபம்"னு மனசு தப்பா வாசிக்கும். அதனால சண்டைக்கு முன்னாடி ஒரு கேள்வி: கடைசியா எப்ப தண்ணி குடிச்சோம், எப்ப ஒண்ணுக்குப் போனோம், என்ன நிறம்? அடர் மஞ்சளா இருந்தா முதல்ல ரெண்டு டம்ளர், பேச்சு அப்புறம்.

வேர்த்து ஊத்தினவங்களுக்கும் வயித்தால போனவங்களுக்கும் வீட்லயே கரைசல்: கொதிக்க வெச்சு ஆறின தண்ணி 1 லிட்டர், சர்க்கரை மட்டமா 6 தேக்கரண்டி, உப்பு மட்டமா அரைத் தேக்கரண்டி. உப்பைக் குமிச்சுப் போடாதீங்க, குழந்தைக்கு ஆபத்து. கண்ணீரை விட உப்பா இருந்தா கொட்டிட்டுப் புதுசா கலக்கணும். சீலக்காரங்க மதியத்துக்கு அப்புறம் சாப்பிடக் கூடாதே தவிர தண்ணி குடிக்கலாம். வெறும் தண்ணி எந்த நேரத்துலயும் சீலத்தை முறிக்காது, அதை அவங்ககிட்ட நினைவுபடுத்துங்க. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்குற பெரியவங்களா இருந்தா, ராத்திரிச் சாப்பாடு இல்லாம இருக்குறது பத்தி டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு அளவை மாத்தணும். சீலத்தை இவங்களா எடுத்துக்கிட்டு மருந்தை அப்படியே போட்டா ராத்திரியில சர்க்கரை இறங்கிடும்.

தூக்கம்: மதியம் ரெண்டு மணிக்கு மேல டீ வேண்டாம். குடிச்ச காஃபீன்ல பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புலயே இருக்கும். லபெத் தொக்கை (ஊறவெச்ச தேயிலைக் கலவை) டீன்னு யாரும் நினைக்கிறதில்லை, ஆனா அதுவும் தேயிலைதான். பரீட்சைப் பசங்க முழிச்சிருக்கத் திங்குறது அதுதானே. விருந்தாளி வந்த ராத்திரி ஒரு தட்டு லபெத் காலி பண்ணிட்டு "தியானம் பண்ணியும் தூக்கம் வரலை"ன்னா தியானத்து மேல தப்பு இல்லை.

கடைசியா, எச்சரிக்கையா ஒண்ணு. சமீபத்துல சாவு நடந்த வீடு, நிலநடுக்கம் மாதிரி பயத்தைப் பாத்தவங்க, பதட்ட நோய்க்கு மருந்து எடுக்குறவங்க, இவங்களுக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சா சில சமயம் படபடப்பு ஏறும். அப்படி ஏறினா "தாண்டிப் போயிடும்"னு பிடிவாதமா உக்காராதீங்க. கண்ணைத் திறங்க. பாதம் தரையில் அழுந்துறதை உணருங்க. கண்ணுக்குத் தெரியுற அஞ்சு சாமானை மனசுக்குள்ள பேர் சொல்லுங்க. அவங்களுக்கு நடை நல்லது, 3 நிமிஷம் போதும். நீண்ட மௌன முகாமுக்கு எழுதும்போது நோயையும் மருந்தையும் மறைக்காம சொல்லணும், மருந்தைத் தானா நிறுத்தவே கூடாது.

---

கமாயுட் மருமகள்

எல்லாருக்கும் நன்றி. சமையக்கட்டு அக்கா சொன்ன 11.15 கணக்கு சுவத்துல ஒட்டியாச்சு. ரெண்டு சந்தேகம். பஹான் யோகி அண்ணே, பேரு வைக்கிறது தமிழ்லயா பர்மீஸ்லயா? யெய்த்தாவில் பர்மீஸ்லதான் சொல்லிக்கொடுக்குறாங்க. அப்புறம் அந்தக் கோபம் விஷயம் பாக்கி இருக்கு.

---

பஹான் யோகி

யெய்த்தாவில் "ஃபௌங் தே, பெய்ன் தே" என்பாங்க, வயிறு உப்புது, ஒடுங்குது. எந்த மொழியிலும் வைக்கலாம். ஒரே சோதனைதான்: கோபத்துல எந்த மொழி தானா வாயில வருதோ அந்த மொழியில் வைங்க. யோசிச்சு மொழிபெயர்த்தா அதுக்குள்ள வயிறு தணிஞ்சு போயிடும்.

கோபம். இது மனசுல தொடங்குறதா நினைக்கிறோம், ஆனா கண்டுபிடிக்க உடம்புதான் சுலபம். தாடை இறுகும், காது மடல் சூடாகும், பிடரி கெட்டியாகும், மூச்சு நெஞ்சுக்கு ஏறிடும். ஆளுக்கு ஆள் எது முதல்ல வரும்னு மாறும். உங்களுக்கு எதுன்னு இந்த வாரத்துலயே சின்னச் சின்ன எரிச்சல்ல பாத்து வைங்க. பெரிய சண்டையில் போய் ஆராய முடியாது.

அந்த அடையாளம் வந்த உடனே:

முதல்ல பாதம். ரெண்டு பாதமும் தரையில் இருக்கா? "தொடுது, தொடுது." அப்புறம் எங்க தெரியுதோ அங்க: "சூடு", "இறுக்கம்". அதுக்கப்புறம்தான் "கோபம், கோபம்". நேரா கோபத்துக்குப் போனா "அவங்க அப்படிச் சொன்னதால"ன்னு கதை கூடவே வந்துடும். சூட்டுக்குக் கதை கிடையாது.

இதோட, வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இருந்தா ஒரு வாக்கியத்தை இப்பவே தயார் பண்ணி வைங்க. "அத்தை, அடுப்பை அணைச்சிட்டு வந்து கேக்குறேன்." பொய் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அடுப்படிக்குப் போற பதினஞ்சு அடியும் வலது இடது. அங்க ஆறு மூச்சு, உள்ள இழுக்க 4 எண்ணிக்கை, வெளிய விட 6. ஒரு நிமிஷம்தான் ஆகும். மூச்சை வெளிய விடும்போதுதான் நெஞ்சுத் துடிப்பு தணியும், அதனால வெளிவிடுறது நீளமா இருக்கணும். இது மகாசி முறை இல்லை, அவசர வைத்தியம். அடிக்கடி பண்ணி இதையே தியானம்னு எடுத்துக்காதீங்க.

நிறைய பேர் பண்ற தப்பு: "கோபம் கோபம் கோபம்"னு அதை அடிச்சு விரட்டுற மாதிரி குறிக்கிறது. அது கோபத்து மேல இன்னொரு கோபம். போகலைன்னா போகலை, இருக்குன்னு தெரிஞ்சா போதும். இன்னொரு தப்பு, எதிர்ல நிக்கிறவங்களுக்குப் பேர் வைக்கிறது. "மாமியார், மாமியார்"னு குறிக்கிறது கணக்குல சேராது.

---

ஆறெழுத்து

புத்த வழி வேண்டாம் என்கிற பெரியவர்கள் நம் வீடுகளில் இருப்பார்கள். அவர்களுக்கு: "சரவணபவ" ஆறெழுத்து. ஒரு மூச்சை வெளியே விடும் நேரத்துக்கு ஒரு எழுத்து. ஆறு மூச்சில் ஒரு சுற்று. ஆறு சுற்று என்றால் 36 மூச்சு, நிதானமாகப் போனால் ஐந்து ஆறு நிமிடம். விரல் கணுவில் சுற்றை எண்ணலாம், மாலை தேவையில்லை.

ஆனால் திருமூலர் சொன்ன 16, 64, 32 மாத்திரைப் (உள்ளிழுக்க, நிறுத்த, வெளிவிட எண்ணும் கால அளவு) பிராணாயாமத்தைப் பண்டிகை வாரத்தில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். 64 மாத்திரை மூச்சை உள்ளே நிறுத்துவது ஆசான் பக்கத்தில் இருந்து பல மாதம் பழகியவர்களுக்கானது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நினைக்கவே கூடாது.

இன்னொன்று. இந்தத் திஞ்சான் நமக்கு அந்நியம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்: திஞ்சான் என்பதே 'சங்கராந்தி' திரிந்த சொல். இறங்கி வருகிற தஜாமின் நம் இந்திரன். பந்தயத்தில் தோற்ற பிரம்மனின் தலையை வெட்டி, அந்த உடம்பில் யானைத் தலை வைத்ததால் பிள்ளையார் உண்டானார் என்று இவர்கள் கதை. நம் கதை வேறு, பிள்ளையார் அவரேதான். தெருமுனை மண்டபத்தைக்கூட இவர்கள் "மண்டத்" என்றுதான் சொல்கிறார்கள். இது தெரிந்த பிறகு ஸ்பீக்கர் சத்தம் குறையாது. திட்டுவது கொஞ்சம் குறையலாம்.

---

சமையக்கட்டு

பசங்களையும் சேத்துக்கணும்னா ஒரு வழி, 15ஆம் தேதி சாயங்காலம் மோலோன்யேபோ (வெல்லம் வெச்ச அரிசி மாவு உருண்டை) உருட்ட விடுங்க. உக்காரச் சொன்னா உக்காராத பிள்ளைங்க இதுக்கு உக்காருவாங்க.

ஒட்டுற அரிசி மாவு 500 கிராம், சாதா அரிசி மாவு 125 கிராம், வெதுவெதுப்பான தண்ணி சுமார் 400 மில்லி. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பிசைஞ்சு, ஈரத்துணி மூடி 20 நிமிஷம். பனைவெல்லத்தைப் பட்டாணி அளவு உடைச்சுக்குங்க. நெல்லிக்காய் அளவு மாவு, நடுவுல வெல்லம், மூடி உருட்டணும். அறுபதுக்கு மேல வரும்.

பசங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு: ஒரு உருண்டை முடியுற வரைக்கும் பேச்சு கிடையாது. வெல்லம் வெளிய தெரியுதான்னு பாத்து உருட்டணும். முடிஞ்ச அப்புறம் பேசலாம், அடுத்த உருண்டைக்குத் திரும்ப வாயை மூடணும். அஞ்சாவது உருண்டையில தானா அமைதி ஆயிடுவாங்க.

கெட்டுப்போற இடம்: மாவு காஞ்சா விரிசல் விட்டு வெல்லப்பாகு தண்ணியில கரைஞ்சுடும், அப்ப கையை நனைச்சு உருட்டணும். தண்ணி தளதளன்னு கொதிக்காம போட்டா அடியில ஒட்டும். ஒரு தடவைக்கு 12, 15 மேல போடாதீங்க. மிதந்து மேல வந்த உடனே எடுக்காம இன்னும் ஒண்ணரை நிமிஷம் விட்டாதான் உள்ள வெல்லம் உருகும். எடுத்துப் பச்சைத் தண்ணியில ஒரு முக்கு முக்கி, தேங்காய்ப்பூ தூவிடுங்க.

வெல்லத்துக்குப் பதிலா ஒரு உருண்டையில காந்தாரி மிளகாய் வெக்கிற வழக்கம் உண்டு. எது மிளகாய் உருண்டைன்னு வெச்ச ஆளுக்கு மட்டும் தெரியணும், சீலக்காரங்க தட்டுக்குப் போகாம பாத்துக்குங்க. அதான் சாயங்காலம் சுடச் சொன்னேன், அவங்க அந்நேரம் சாப்பிட மாட்டாங்க.